அண்ணனும் இல்லை, காதலனும் இல்லை

கேர்லிங் எண்டு ஒரு விளையாட்டு இருக்கு. பனித்தரையில ஒராள் பாரமான கல்லொண்டை வழுக்கி விட, தும்புத்தடி மாதிரி ஒரு தடியால அதுக்கு முன்னால வேகவேகமாகக் கூட்டிக்கொண்டு போவினம். குளிர்கால ஒலிம்பிக் வாற நேரங்களில இதை வைச்சு மீம் போடாத ஆக்கள் குறைவு. "எங்கட அம்மா போயிருந்தால் பத்துத் தங்கம் எடுத்திருப்பா" எண்டது அதில பழைய பகிடி. சிரிச்சிட்டுக் கடந்து போகலாம். ஆனால் அந்த விளையாட்டின் ஒரு பிரிவை மட்டும் நாங்கள் கொஞ்சம் நிண்டு பாக்கவேணும் எண்டு நினைக்கிறன். அதுதான் கலப்பு இரட்டையர். ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான் அணி.

யாழ்ப்பாணத்தில ஐஸ் எண்டால் மீன் பெட்டிக்குள்ள போடுறது, இல்லாட்டி நல்லூர்த் திருவிழாக் காலத்தில ஐஸ்கிறீமாகக் குடிக்கிறது. ஆகவே இங்க ஒரு கேர்லிங் அரங்கு கட்டச் சொல்லி நான் கேக்க வரேல்லை. நான் சொல்ல வாற விசயம் வேற. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நின்று, ஒரே அணியாக, ஊருக்கு முன்னால் ஒரு வேலையைச் செய்கிற இடங்கள் எங்களிடம் மிகக் குறைவு. விளையாட்டு அப்படி ஒரு இடமாக இருக்கலாம். ஆனால் அது தானாக நடக்காது. போட்டி விதியில் எழுதி வைத்தால்தான் நடக்கும். கேர்லிங்காரர் செய்தது அதைத்தான்.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 45 மீற்றர் நீளமான பனித்தளம். அதன் மறுமுனையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். கல் ஒன்று 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் ஐல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவு இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் பாவிக்கிற கற்கள் அந்தத் தீவுக் கருங்கல்லில் செய்தவை. கல்லை வழுக்கி விட்டு, வட்டத்தின் நடுவுக்கு எதிரணியின் கல்லை விடக் கிட்டவாக நிறுத்தவேண்டும். போளை அடிச்சவைக்கும் கரம் விளையாடினவைக்கும் இது உடனே விளங்கும். எதிராளியின்ர கல்லை அடிச்சுக் கலைக்கலாம், தன்ர கல்லுக்கு முன்னால இன்னொண்டைக் காவலுக்கு நிப்பாட்டலாம். கூட்டுறது பகிடிக்கு இல்லை. தேய்க்கிற இடத்தில பனி லேசாகச் சூடாகும், உராய்வு குறையும், கல்லு இன்னும் கொஞ்சத் தூரம் நேராகப் போகும்.

இதில எனக்கு மிகவும் பிடிச்ச விசயம், அந்த வட்டத்துக்கு அவை வைச்சிருக்கிற பெயர். 'வீடு'. கலப்பு இரட்டையரில ஆணும் பெண்ணும் ரெண்டு பேருமே வீடு கூட்டவேணும். பகிடி இப்ப கொஞ்சம் வேற பக்கம் திரும்புது, இல்லையோ?

இந்தப் பிரிவுக்கான முதல் உலகச் சம்பியன் போட்டி 2008 இல் பின்லாந்தின் வியெருமாக்கியில் நடந்தது. 2018 பியொங்சாங் விளையாட்டுகளோடு இது குளிர்கால ஒலிம்பிக்குக்குள்ளும் வந்தது. வழமையான கேர்லிங்கில் அணிக்கு நாலு பேர், இதில் இரண்டே பேர். ஒரு ஆட்டத்தில் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு ஒரு கல் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும், மிச்சம் ஐந்து கல்லை இவர்கள் விடவேண்டும். முதலாவது கல்லை விடுகிறவர்தான் ஐந்தாவதையும் விடவேண்டும். இடையில் உள்ள மூன்றும் மற்றவருடையவை. யார் எதை விடுவது என்பதைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரே ஐந்தையும் விட முடியாது.

அந்த விதியைத் திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பெயருக்கு ஒரு பெண்ணை அணியில சேர்த்துப்போட்டு, பந்து முழுக்கப் பெடியனே அடிக்கிற விளையாட்டு இல்லை இது. அவளை ஒளிச்சு வைக்க ஏலாது. பல அணிகளில முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் விடுறது பெண்தான். ஆட்டத்தின் முடிவு தங்கியிருக்கிற அந்தக் கடைசிக் கல்லை அவள் விட, அவன் முன்னால கூட்டிக்கொண்டு ஓடுவான். பலம் எங்க தேவையோ அங்க பலம், குறி எங்க தேவையோ அங்க குறி. அதுக்கும் மேல, கல்லு போகப் போக ரெண்டு பேரும் ஓயாமல் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும். "வேகம் காணாது", "விடு, கூட்டாத", "இப்ப கூட்டு". ஒரு பெண் சத்தம் போட்டுச் சொல்ல, ஒரு ஆண் அதைக் கேட்டு அந்தக் கணமே செய்யிறான். இதை முதல்முறை பாக்கேக்க, இப்பிடி ஒரு காட்சியை எங்கட ஊர் மைதானம் ஏதாவதில பாத்திருக்கிறமோ எண்டு யோசிச்சுப் பாத்தன். ஞாபகத்தில ஒண்டும் வரேல்லை.

இந்தப் போட்டியில் சோடி சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். 2018 இல் உலகச் சம்பியனான சுவிஸ் அணி மிஷெல் கிறிபி, ரெட்டோ கிறிபி என்ற சகோதரங்கள். 2024 இல் வென்ற சுவீடன் அணியும் சகோதரங்கள்தான், இசபெல்லா வ்ரானோவும் ரஸ்முஸ் வ்ரானோவும். நோர்வேயின் கிறிஸ்டின் ஸ்காஸ்லியனும் மக்னஸ் நெட்ரெகொட்டனும் கணவன் மனைவி. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தார்கள். சுவிற்சர்லாந்தின் ஜெனி பெரே, மார்ட்டின் ரியோஸ் சோடி ஒருகாலத்தில் காதலர்கள். பிரிந்த பிறகும் ஒரே அணியில் விளையாடி, 2017 இல் உலகச் சம்பியனாகி, அடுத்த ஆண்டு ஒலிம்பிக் வெள்ளியும் எடுத்தார்கள். 2022 இல் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் ஒலிம்பிக் தங்கம் வென்று, 2025 இல் உலகப் பட்டத்தையும் எடுத்த இத்தாலியின் ஸ்டெபானியா கொன்ஸ்தாந்தினியும் அமோஸ் மொசானரும் சக வீரர்கள். அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வகைதான் என்ர கட்டுரை. சக வீரர்கள், அவ்வளவுதான்.

எங்கட ஊரில ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நிண்டால் அதுக்கு மூண்டு பெட்டியள்தான் இருக்கு. சகோதரம், கல்யாணம், காதல். இதுக்குள்ள அடங்காட்டி ஊரே ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடிவிடும். பல்கலைக்கழகத்தில சேர்ந்து ஒரு ஒப்படை செய்தாலே "என்ன, உங்களுக்குள்ள ஏதும்...?" எண்டு கேக்கிறவை இருக்கினம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கன பெட்டையள் பெடியளைக் கண்டவுடன "அண்ணா" போடுறது. அது மரியாதைச் சொல்லு மட்டும் இல்லை, ஒரு பாதுகாப்பு வேலியும்தான். 'சக வீரர்' எண்ட உறவுக்கு எங்களிட்ட முறைப்பெயரும் இல்லை, இடமும் இல்லை.

சின்ன வயசில இந்தப் பிரச்சினை இல்லை. ஒழுங்கைக்குள்ள கிளித்தட்டு விளையாடேக்க பெடியன் பெட்டை எண்டு ஆர் பாத்தது? கோட்டில நிண்டு மறிக்கிறவளுக்கு வேகம் இருந்தால் அவள்தான் எங்கட பக்கத்துக்கு வேணும் எண்டு அடிபடுவம். பிறகு ஒரு நாள் அவளுக்குச் சாமத்தியவீடு வரும். வீடியோ, அல்பம், பன்னீர்த் தட்டு எல்லாம் முடிய, கிளித்தட்டும் அவளுக்கு முடிஞ்சுபோகும். அதோட அவள் ஆண்களோட ஒரே அணியில விளையாடின கடைசி ஆட்டமும் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு பலருக்குப் பள்ளிக்கூடமும் தனித்தனி. கம்பஸுக்கு வந்தால் எங்கட கலைப்பீட விரிவுரை மண்டபத்துக்குள்ள பெடியளைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேணும், அவ்வளவு பெண்கள். பின்னேரம் மைதானத்துக்குப் போனால் கணக்கு அப்பிடியே தலைகீழ்.

திறமை இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியை ஆசியக் கிண்ணம் வரை தூக்கிக்கொண்டு போனவர். தெல்லிப்பழை மகாஜனாவிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தவர். அதே பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் என்ன இருக்கிறது?

ஊர்க் கழக விளையாட்டு விழா ஒன்றின் நோட்டீஸை எடுத்துப் பாருங்கோ. கரப்பந்து, உதைபந்து, மென்பந்துத் துடுப்பாட்டம், கயிறிழுத்தல், வழுக்கு மரம் என்று ஒரு பெரிய பட்டியல். அதுக்குக் கீழே 'பெண்களுக்கான போட்டிகள்' என்று ஒரு சின்னத் தலைப்பு. சங்கீதக் கதிரை, தேசிக்காய் கரண்டி, தேங்காய் துருவல், கிடுகு பின்னல். தேங்காய் துருவலில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குசினியில் செய்கிற வேலையையே மைதானத்துக்குக் கொண்டுவந்து விசில் ஊதிச் செய்விக்கிறதை எப்படி விளையாட்டு என்கிறது? 1904 இல் தொடங்கிய 'வடக்கின் போர்' துடுப்பாட்டத்தை ஊரே கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். அதில் பெண்களுக்கு உள்ள இடம் பார்வையாளர் பக்கம் மட்டும்தான். ஊர் மைதானத்திலாவது வேறு ஒரு இடம் வேணும்.

அதனால் என்ர யோசனை மிகச் சின்னது. ஒவ்வொரு ஊர்க் கழகமும் அடுத்த விளையாட்டு விழாவில் கலப்பு இரட்டையர் போட்டி ஒன்றையாவது வைக்கட்டும். பட்மின்ரன் வைக்கலாம், கரம் வைக்கலாம். கரத்துக்கு மைதானமும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், சனசமூக நிலையத்தில் ஏற்கனவே பலகை கிடக்கிறது. அதிலும் சோடியில் இருக்கிற இரண்டு பேரும் மாறி மாறித்தான் அடிக்கவேண்டும். கேர்லிங் மாதிரியே அங்கும் ஒருவரை ஒளிச்சு வைக்க ஏலாது.

ஒரு விதி மாறினால் என்ன மாறும் எண்டு கேக்கிறவைக்கு இலங்கையிலேயே உதாரணம் இருக்கு. ஆணும் பெண்ணும் கலந்து ஓடுகிற 4x400 மீற்றர் அஞ்சலோட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதல்முறை வந்தது. அந்த விளையாட்டுகளில் கலப்புப் போட்டிகளின் தொகை றியோவில் இருந்த 9 இலிருந்து 18 ஆகக் கூடியது. இலங்கை கலப்பு அணி 2023 இல் பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் வெள்ளி எடுத்தது. அதே ஆண்டு ஹங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டாவதாக ஓடி முடித்தும், ஓடுபாதை விதிமீறலால் தகுதி நீக்கமாகிப் பதக்கத்தை இழந்தது. அது கவலைதான். ஆனால் விதிப் புத்தகத்தில் அந்தப் போட்டி இல்லாமல் இருந்திருந்தால் அந்த நாலு பேரும் ஒரு அணியாகவே ஆகியிருக்க மாட்டார்கள்.

சென்னையிலும் ஒரு கதை. ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிக்கல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பரிசுத்தொகை சமன் இல்லை என்று சொல்லி இந்தியத் தேசியப் போட்டியை ஆண்டுக்கணக்காகப் புறக்கணித்தவர். சமனாக்கிய பிறகு 2016 இல் திரும்பி வந்து வென்றார். பிறகு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து சில மாதங்களில், 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் சௌரவ் கோஷலோடு கலப்பு இரட்டையர் பட்டமும், ஜோஷ்னா சின்னப்பாவோடு பெண்கள் இரட்டையர் பட்டமும் எடுத்தார். இரண்டும் ஒரே நாளில். தனிப் போட்டியா கலப்பா என்று அவர் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டி வரவில்லை. இரண்டும் அங்கே இருந்தன.

இதைச் சொல்லேக்க வாற மறுப்புகள் எனக்குத் தெரியும்.

முதலாவது, "சனம் கதைக்கும்." கதைக்கும்தான். முதல் வருசம் கதைக்கும், ரெண்டாம் வருசம் ஆர் வென்றது எண்டு கதைக்கும். அண்ணன் தங்கச்சி சோடியள், புருசன் பெஞ்சாதி சோடியளோட தொடங்கினாலும் பிழையில்லை. உலகச் சம்பியனிலேயே சகோதரங்கள் வென்றிருக்கினம், நாங்கள் ஏன் வெக்கப்படவேணும்? ஆனால் விதியில 'உறவினராக இருக்கவேண்டும்' எண்டு எழுதக்கூடாது. கதவை அங்க திறந்து வைச்சால் மற்றவை மெல்ல மெல்ல வருவினம்.

இரண்டாவது, "பலம் சமன் இல்லை." பட்மின்ரனில் இது கொஞ்சம் உண்மை. அங்கே பெரும்பாலும் அவள் வலைக்கு முன்னால், அவன் பின்னுக்கு நின்று அடிப்பான். ஆனால் உலகத்தரப் போட்டிகளைப் பாருங்கோ. வலைக்கு முன்னால் நிற்கிறவள்தான் பல நேரம் ஆட்டத்தைக் கட்டி எழுப்புகிறாள். கரத்தில் இந்தக் கேள்வியே எழாது. கறுப்புக் காய்க்கு ஆர் அடிக்கிறது எண்டு தெரியாது.

மூன்றாவது மறுப்புத்தான் கனதியானது. "முதலில் பெண்களுக்குத் தனி அணி வேணும், தனிப் பயிற்சி நேரம் வேணும். கலப்புப் போட்டி ஒண்டை வைச்சிட்டு 'பெண்களுக்கும் குடுத்தாச்சு' எண்டு கழகம் கைகழுவிவிடும்." என்னோட படிக்கிற தோழியள் சிலர் இதைத்தான் சொல்லினம். அவை பயப்படுறதில நியாயம் இருக்கு. கலப்புப் போட்டி தனி அணிக்கு மாற்றாக வரக்கூடாது, மேலதிகமாகத்தான் வரவேணும். ஆனால் ஒரு விசயம். பெண்கள் அணி ஒன்றைக் கட்ட ஏழு பேர், பதினொரு பேர் வேணும். அவ்வளவு பேரின் வீடுகளும் சம்மதிக்கவேணும். கலப்பு இரட்டையருக்கு ஒரு வீடு சம்மதிச்சால் போதும். ஒரு பெண் மைதானத்துக்கு வந்தால், அவளைப் பாத்து இன்னொருத்தி வருவாள். அதோட, ஒரு பெடியன் தன்ர வெற்றிக்காக ஒரு பெண்ணின்ர பயிற்சி நேரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவான். "அவளுக்கு ஆறு மணிக்கு முதல் வீட்டை போகவேணும், நாலு மணிக்குத் தொடங்குவம்" எண்டு அவனே கழகக் கூட்டத்தில எழும்பிச் சொல்லுவான். இதுவரைக்கும் அந்த ஆறு மணி அவளின்ர பிரச்சினை மட்டும்தான். இனி அது அணியின்ர பிரச்சினை.

ஒரே அணி எண்டால் நல்லதும் கெட்டதும் ரெண்டு பேருக்கும்தான். 2018 ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்த ரஷ்ய சோடியில் அலெக்சாண்டர் குருஷெல்னிட்ஸ்கி ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட, அனஸ்தாசியா பிறிஸ்கலோவாவின் பதக்கமும் சேர்ந்து போனது. கொடுமைதான். ஆனால் பொதுவாக எங்கட ஊரில ஆண் செய்த பிழைக்குப் பெண்ணை மட்டும் விசாரிக்கிற வழக்கத்தோட ஒப்பிட்டால், அங்க குறைஞ்சது பிழை செய்தவன் ஆர் எண்டதில ஒருத்தருக்கும் குழப்பம் இல்லை.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஹங்கேரி கேர்லிங்கில் பெரிய நாடு இல்லை. நால்வர் ஆட்டத்தில் அதுக்குப் பெயர் இல்லை. ஆனால் டொரொட்டியா பலன்சாவும் ஜோல்ட் கிஷும் 2013 இலும் 2015 இலும் கலப்பு இரட்டையர் உலகச் சம்பியன்களானார்கள். ரெண்டு நல்ல ஆக்கள் இருந்தால் போதும் எண்டதுதான் இந்தப் பிரிவின்ர அழகு. பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போய், பதினொரு பேர் சேர்க்கப் பக்கத்து ஊரில ஆள் கேக்கிற எங்கட கழகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி எது?

வெளிநாடு எண்டதும் ஒரு விசயம் ஞாபகம் வருது. முதல் 11 உலகக் கலப்பு இரட்டையர் சம்பியன் பட்டங்களில் 7 சுவிற்சர்லாந்துக்குப் போனது. ஒலிம்பிக்கின் முதல் கலப்பு இரட்டையர் தங்கத்தை எடுத்தது கனடாவின் கெய்ட்லின் லோஸ், ஜோன் மொரிஸ் சோடி. சுவிசும் கனடாவும்! சித்தப்பா ஒராள் அங்க, மாமி ஒராள் இங்க எண்டு எங்கட பாதிக் குடும்பம் இருக்கிற நாடுகள். 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் பிலிப்பைன்ஸ் ஆண்கள் அணி தென்கொரியாவை வென்று கேர்லிங் தங்கம் எடுத்தது. பனியே விழாத நாடு. அந்த அணியில் பெரும்பாலானவர்கள் சுவிசில் வளர்ந்த பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். சூரிச்சில, ஸ்காபரோவில வளருற எங்கட பிள்ளையளும் ஒரு நாள் கல்லு விடுவினமோ தெரியாது. அது அவையின்ர விருப்பம்.

ஆனால் அங்க இருக்கிற அண்ணாமார், அக்காமாரிட்ட ஒரு வேண்டுகோள். ஊர்க் கழகத்துக்கு ஜேர்சி அனுப்புறதும், அப்பாவின்ர ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குக் காசு அனுப்புறதும் நீங்கள்தான். நீங்கள் கேட்டால் கழகம் கேக்கும். அடுத்த முறை கிண்ணம் அனுப்பேக்க, அதில ஒண்டு கலப்பு இரட்டையருக்கு எண்டு சொல்லி அனுப்புங்கோ. அப்பாவின்ர பேரோட அம்மாவின்ர பேரையும் சேர்த்துப் போட்டாலும் நல்லதுதான்.

ஊரில இருக்கிற எங்களுக்கும் வேலை இருக்கு. கழகப் பொதுக்கூட்டம் வருசத்தில ஒருக்காவாவது நடக்குது. நிர்வாகத் தெரிவு முடிய, 'வேறு விடயங்கள்' எண்டு ஒரு நிகழ்ச்சி நிரல் இருக்கும். பெரும்பாலும் ஒருத்தரும் வாய் திறக்காமல் சோடா குடிச்சிட்டு எழும்பிப் போற நேரம். அப்ப கையைத் தூக்குங்கோ. "அடுத்த விழாவில கலப்பு இரட்டையர் கரம் போட்டி ஒண்டு வைப்பம். சோடி ஒரு ஆண், ஒரு பெண். உறவுமுறை கேக்கிறதில்லை. புள்ளி ஒட்டுமொத்தக் கிண்ணத்துக்குச் சேரும்." மூண்டு நாலு வரிதான். நோட்டீஸில தேங்காய் துருவலுக்கு மேல அச்சடிக்கச் சொல்லுங்கோ.